ஊத்துப்பள்ளத்தில் நான்கு நிமிடம்

பூமயிலின் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் அந்தச் சில்லை வெண்பா தன் கையாலேயே ஒட்டினாள். அரை உளுந்து அளவுதான் இருக்கும். பசை இறுகும்வரை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, மறுகையால் பூமயிலின் தாடையைப் பிடித்திருந்தாள்.

"வலிக்குதுங்களாக்கா?"

திறந்த வாயோடு பூமயில் இல்லை என்று தலையாட்டினாள்.

"ரெண்டு வருஷம் இது உங்க வாயில இருக்கும். சாப்பிடலாம், பல்லு தேய்க்கலாம், ஒண்ணும் ஆகாது. கடல்ல முங்கறப்ப உப்புத் தண்ணி பட்டாத்தான் முழிச்சுக்கும். எந்த எடம், அந்தத் தண்ணியில என்னென்ன கரைஞ்சிருக்குன்னு எழுதி வெச்சுக்கும். டவர் கெடைச்சதும் எனக்கு அனுப்பிரும்."

"என்னத்தப் பெருசா கரைஞ்சிருக்கப் போகுது? உப்புதான."

"உப்பு மட்டும்னா உங்க பாசி எதைத் தின்னு வளருதுங்க?" வெண்பா சிரித்தாள். "வயலுக்கு எரு மாதிரிதானுங்க்கா. செத்த கடல்புல்லு, மீனோட கழிவு, மழையில அடிச்சுட்டு வர்ற வண்டல், எல்லாம் மக்கித் தண்ணியில கலந்து கெடக்குது. அது கொறைஞ்சா கடலுக்குப் பட்டினி. கூடுனா மூச்சு முட்டும்."

"தீனி கூடுனா மூச்சு எதுக்கு முட்டுது?"

"மக்க வெக்கறதுக்குன்னு கண்ணுக்குத் தெரியாத கிருமிக இருக்குதுங்க. தீனி அதிகமானா அதுக பெருகும். பெருகிட்டா தண்ணியில இருக்கற காத்தை எல்லாம் அதுகளே இழுத்துக்கும். மீனுக்கு மிஞ்சாது."

பூமயில் நாக்கால் சில்லைத் தடவிப் பார்த்தாள். "நாங்க இதத்தான் தண்ணி கொழுத்திருக்கு, மெலிஞ்சிருக்குன்னு சொல்லுவோம். ஒரு மடக்கு வாயில வச்சுத் துப்புனாத் தெரிஞ்சுரும்."

அது வெண்பாவுக்குத் தெரியும். அதற்காகத்தான் அவளைத் தேர்ந்தெடுத்திருந்தாள். ஒரு மாதத்துக்கு முன் ஏழு இடங்களில் எடுத்த தண்ணீரை ஏழு பாட்டில்களில் கொண்டுவந்து, கோரைமுனையில் பாசி எடுக்கும் பதினோரு பெண்களுக்கும் கொடுத்துப் பார்த்தாள். ஆறு பேர் முகத்தைச் சுளித்தார்கள். நான்கு பேர் ஓரளவு சரியாகச் சொன்னார்கள். பூமயில் மட்டும் ஏழையும் மெலிந்ததிலிருந்து கொழுத்ததுவரை வரிசையாக அடுக்கி வைத்தாள். ஆராய்ச்சி நிலையத்து இயந்திரம் ஒரு நாள் முழுக்க ஓடிக் கொடுத்த வரிசையும் அதுவேதான்.

வெண்பா கோயம்புத்தூர்க்காரி. முப்பது வயது. கடலையே இருபது வயதில்தான் முதலில் பார்த்தாளாம். பாசி எடுக்கும் பெண்கள் பவளப்பாறையைக் கெடுக்கிறார்கள் என்று சொல்லி, வனத்துறை மூன்று வருடமாக அவர்களை விரட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் ஊருக்கு வந்தாள். இரண்டு முறை வள்ளத்தைப் பிடித்து வைத்திருந்தார்கள். அடுத்த முறை கேஸ் என்று சொல்லியிருந்தார்கள்.

"உங்களால இந்தக் கடலுக்குக் கேடில்லைன்னு வாயால சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க" என்று கூட்டத்தில் வெண்பா சொன்னாள். "ரெண்டு வருஷக் கணக்கை மேப்பாப் போட்டுக் காட்டினா நம்பித்தான் ஆகணும். நீங்க பாசி எடுக்கற எடத்துல தண்ணி நல்லா இருக்குன்னு அந்த மேப் சொல்லும்."

பெண்கள் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்கள். அதைச் சொன்னவள் குழுவின் தலைவி நம்புநாயகி, ஊருக்கு நம்பு.

"எல்லா எடத்துக்கும் பூமயிலு இந்தச் சில்லோட போகட்டும். ஒரு எடத்துக்கு மட்டும் போகக் கூடாது. அது எதுன்னு உனக்குச் சொல்ல மாட்டோம் தாயி. கேக்காத."

வெண்பா கேட்கவில்லை.

அந்த இடத்தின் பெயர் ஊத்துப்பள்ளம். கரையிலிருந்து முக்கால் மணி நேரம். கடலுக்கு அடியில் நல்ல தண்ணீர் ஊற்றெடுத்து வருகிற ஒரு பள்ளம். நிலத்தில் பெய்த மழை எங்கெங்கோ மண்ணுக்குள் போய், அங்கே கடலின் தரையைப் பிளந்துகொண்டு குளிர்ச்சியாகக் கிளம்பும். அதைச் சுற்றிக் கடல்புல் இடுப்புயரம் நிற்கும். பாறை தெரியாமல் மரிக்கொழுந்துப் பாசி படர்ந்திருக்கும். தை முதல் பங்குனி வரை மட்டும் அங்கே இறங்குவார்கள். மற்ற ஒன்பது மாதம் அந்தப் பக்கம் வள்ளமே போகாது. புருஷன்மார்களுக்குக்கூட அது எங்கே இருக்கிறது என்று தெரியாது.

அந்த இடத்தை யாருக்கும் சொல்வதில்லை என்று பதினோரு பேரும் கையில் உப்பை அள்ளிச் சத்தியம் செய்தார்கள். சில்லு வாயில் இருக்கும்வரை ஊத்துப்பள்ளத்தில் இறங்குவதில்லை என்று பூமயில் தனியாக ஒரு சத்தியம் செய்தாள்.

முதல் வருடம் தை மாதம் வந்தது. மற்றவர்கள் நீந்தத் துடுப்பாகக் காலில் தகரத் தட்டைக் கட்டிக்கொண்டு, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு பள்ளத்தில் குதிக்க, பூமயில் வள்ளத்தில் உட்கார்ந்து வெயிலில் காய்ந்தாள். அந்த மூன்று மாதப் பங்கை அவள் வாங்கவில்லை. புருஷன் கொச்சியில் படகு வேலையில் இருந்தான், சமாளித்துக்கொண்டாள். மாதம் இரண்டு முறை வெண்பா வருவாள். பூமயில் வீட்டில்தான் தங்குவாள். கணவாய்க் குழம்பை முதலில் தொடப் பயந்தவள், பிறகு சட்டியை வழித்தாள். காய்ச்சல் வந்து ஐந்து நாள் கிடந்தபோது பூமயில்தான் கஞ்சி வைத்துக் கொடுத்தாள்.

"எங்கம்மா இப்படிப் பாத்துக்கிட்டதில்லீங்க்கா" என்றாள் வெண்பா.

"காய்ச்சக்காரி பேசக் கூடாது. குடி பாப்பா."

இரண்டாவது வருடம், தை பிறப்பதற்கு நான்கு நாள் முன்பு, பாசி முற்றிவிட்டதா என்று பார்த்துவர நம்புவும் பூமயிலும் மட்டும் சிறிய வள்ளத்தில் போனார்கள். வருடா வருடம் தலைவி போய்ப் பார்ப்பது வழக்கம். துணைக்கு ஒருத்தி வேண்டும்.

நம்பு இறங்கத் தயங்கினாள். பதினோரு வருடத்துக்கு முன் அவளுடைய தங்கை செவந்தி அதே பள்ளத்தில் மூழ்கிச் செத்தவள். அதற்குப் பிறகும் குழு அங்கே இறங்குவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அந்த மூன்று மாதம் அடுப்பெரியாது. நம்பு கும்பிட்டுவிட்டுக் குதித்தாள்.

பூமயில் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். எழுபது வந்தது. எண்பது வந்தது. நம்பு மேலே வரவில்லை. தண்ணீருக்கடியில் அவளுடைய சிவப்புச் சட்டை ஒரே இடத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

அதற்கு மேல் பூமயில் எதையும் யோசிக்கவில்லை. கத்தியை வாயில் கவ்விக்கொண்டு குதித்தாள். எங்கிருந்தோ இழுத்து வந்த பழைய நைலான் வலை ஒன்று பாறையில் சுற்றிக் கிடந்தது. நம்புவின் மணிக்கட்டு அதில் மாட்டியிருந்தது. பூமயில் வலையை அறுத்தாள், அறுத்துக்கொண்டே இருந்தாள். பிறகு நம்புவை இடுப்போடு அணைத்து மேலே உதைத்து வந்தாள். மேலே வந்தபோது வள்ளம் விலகிப் போயிருந்தது. நம்புவின் முகத்தைத் தண்ணீருக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, தான் தண்ணீரைக் குடித்தபடி நீந்திப் போய் வள்ளத்தைப் பிடித்தாள்.

நம்பு தண்ணீர் தண்ணீராகக் கக்கினாள். பிறகு செவந்தியின் பேரைச் சொல்லி அழுதாள்.

"மயிலு, உன் வாயி" என்று அவள்தான் முதலில் நினைவுபடுத்தினாள்.

பூமயிலுக்கு அப்போதுதான் உறைத்தது. டவர் வந்த இடத்தில் வள்ளத்தை நிறுத்தி வெண்பாவுக்குப் போன் போட்டாள்.

"பாப்பா, இப்ப ஒண்ணு வந்திருக்கும். நாலு நிமிசம் இருக்கும். அத அழிச்சுரு. ஏன் எதுக்குன்னு கேக்காத."

"வந்திருக்குதுங்க்கா" என்றாள் வெண்பா. அவள் குரல் மாறியிருந்தது. "இந்த மாதிரி ஒரு தண்ணிய நான் பாத்ததே இல்லீங்க."

"அழிச்சுருவேல்ல?"

"அழிச்சர்றேன்க்கா."

அடுத்த முறை ஊருக்கு வந்தபோது பூமயில் மறுபடியும் கேட்டாள். "அழிச்சுட்டேன்க்கா, விடுங்க" என்றாள் வெண்பா. பூமயில் விட்டுவிட்டாள். அவளும் நம்புவும் இதைக் குழுவில் சொல்லவில்லை. அழிந்துபோன ஒன்றை எதற்குச் சொல்லிச் சத்தியம் முறிந்ததாக்க வேண்டும் என்றாள் நம்பு. அந்த வருடமும் பூமயில் வள்ளத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

ஆனி மாதம் கல்யாண மண்டபத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. கரைமீன் பண்ணை வரப்போகிறது என்று ஊருக்கு முன்பே தெரியும். கடலில் மீன் அருகிப்போய், நகரத்துக்கு மீன் வளர்க்க எட்டு மாடிக்குத் தொட்டிகளை அடுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதன் கழிவுத் தண்ணீர் எங்கே போகும் என்பதுதான் அன்றைய பேச்சு.

பண்ணைக்காரர் நல்ல தமிழில் பேசினார். "இதுல ஒரு சொட்டு ரசாயனம் கெடையாதும்மா. மீன் தின்ன மிச்சம், மீன் போட்ட சாணி. அவ்வளவுதான். கடலுக்கு நாம சாப்பாடு போடுறோம். ஆனா கண்ட எடத்துல போட மாட்டோம். எந்த எடம் செரிக்குமோ அங்க மட்டும்தான் குழாய் போகும். அந்த எடத்தைக் கண்டுபிடிச்சுக் கொடுத்ததே உங்க ஊருதான்."

திரையில் கடல் வந்தது. வெளிர்நீலமும் மஞ்சளுமாகக் கோரைமுனைக் கடல். அதன் நடுவே ஒரே ஒரு கரும்பச்சைப் புள்ளி.

"இங்க அடியில ஊத்து இருக்கு. தண்ணி நிக்காமக் கலந்துக்கிட்டே இருக்கு. புல்லும் பாசியும் வர்ற சத்தையெல்லாம் தின்னுருது. இவ்வளவு சத்து இருந்தும் தண்ணி கெடல. அப்ப இந்த எடத்தோட தாங்குதிறன் எவ்வளவுன்னு யோசிச்சுப் பாருங்க. இது எவ்வளவு கொடுத்தாலும் தாங்கும்."

அந்தப் புள்ளி எது என்று பதினோரு பேருக்கும் தெரிந்தது.

வரைபடத்தின் கீழே ஒரு வரி இருந்தது. குழுவில் ஒருத்தியான ஜெபமாலை அதை எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தாள். அவள் கணீரென்ற குரல்காரி, மண்டபம் முழுக்கக் கேட்டது. "தரவு அளித்தவர்... திருமதி பூமயில், கோரைமுனை."

ஆய்வு அறிக்கைகளில் பாசிக்காரிகளின் பெயரை யாரும் போடுவதில்லை. வெண்பா போட்டிருந்தாள். மரியாதைக்காகப் போட்டிருந்தாள்.

மண்டபத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் பெண்கள் பூமயிலைச் சூழ்ந்தார்கள்.

"எறங்குனியா, இல்லையா? அத மட்டும் சொல்லு" என்றாள் ஜெபமாலை.

"எறங்குனேன்."

"எதுக்கு?"

பூமயில் நம்புவைப் பார்த்தாள். நம்பு பத்தடி தள்ளிச் செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். குனிந்தவள் நிமிரவே இல்லை. அவளே சொல்லட்டும் என்று பூமயில் காத்திருந்தாள். சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தாள். வார் சரியான பிறகும் நம்பு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்குடி எறங்குன? எம்புட்டுக் கொடுத்தான்?"

"யாரும் எதும் கொடுக்கல" என்றாள் பூமயில். நம்புவின் பேரை அவள் எடுக்கவில்லை.

மறுநாள் விடியும் நேரத்துக்கு அவள் கரைக்குப் போனபோது வள்ளம் போய்விட்டிருந்தது. அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் அவள் போகவில்லை. தண்ணீர்க் குழாயில் குடம் வைத்தால் வரிசை அமைதியாகிவிடும். ஜெபமாலையின் மகளுக்குச் சடங்கு நடந்தது, அடுத்த வீடுவரை பாக்கு வைத்தார்கள், அவளுக்கு வைக்கவில்லை. போனில் புருஷன், "நீ பாட்டுக்கு இங்க வந்துரு" என்றான். குற்றம் செய்தவள்தான் ஊரைவிட்டுப் போவாள் என்றாள் பூமயில்.

ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு பஸ் ஏறி ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனாள்.

வெண்பா அவளைக் கண்டதும் எழுந்து நின்றாள். உட்காரச் சொன்னாள். பூமயில் உட்காரவில்லை.

"அழிச்சுட்டேன்னு சொன்னியே பாப்பா."

"என் டேப்லட்ல அழிச்சேன்க்கா. ஆனா அது ஏற்கெனவே நிலையத்துக் கணக்குல ஏறிருச்சு. அதையும் எடுத்தரலாம்னுதான் உக்காந்தேன். எடுக்க முடியலீங்க. அந்த நாலு நிமிஷம் இல்லைன்னா மீதி ரெண்டு வருஷமும் அரைகுறை. இந்தக் கடல் முழுசுக்கும் சோறு எங்கிருந்து வருதுன்னு அதுலதான் இருந்துச்சு." அவள் கண் கலங்கியது. "காப்பாத்தத்தான்க்கா கொடுத்தேன். பாதுகாக்கப்பட்ட எடம்னு அறிவிக்கச் சொல்லித்தான் எழுதினேன். மேப் பொதுவுல போயிருச்சு. அவங்க எடுத்துப் பாத்தாங்க. நான் காப்பாத்தணும்னு காட்டுன அதே காரணத்தை வெச்சுக் குழாய் போடலாம்ன்னுட்டாங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"உங்ககிட்டக் கேட்டா வேண்டாம்னு சொல்லுவீங்கன்னு தெரியும்."

"தெரிஞ்சுமா என் பேரப் போட்ட?"

வெண்பா தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "அனுமதி இல்லாமப் போடலீங்க்கா. விதிப்படி குழுத் தலைவியோட கையெழுத்து வேணும். வாங்கினேன்."

அவள் எடுத்து நீட்டிய தாளில் இரண்டு பத்தி அச்சடித்திருந்தது. கீழே கோணலாக, கடைசி எழுத்து கோட்டை மீறித் தொங்க, நம்புநாயகி என்று கையெழுத்து இருந்தது. தேதி தை மாதம் ஏழு. வலையை அறுத்து அவளை மேலே கொண்டுவந்து பதினொன்றாம் நாள்.

பூமயில் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். "இத எடுத்துரு" என்று வாயைத் திறந்து காட்டினாள். வெண்பா ஒரு சிறிய குறடை எடுத்துவந்து சில்லைக் கழற்றினாள். பூமயில் வெளியே வந்து குழாயடியில் வாய் கொப்பளித்துவிட்டு ஊர்பஸ்ஸைப் பிடித்தாள்.

நம்பு வீட்டு முற்றத்தில் கட்டக்கோரைப் பாசியை உலர்த்திக்கொண்டிருந்தாள். பூமயிலைக் கண்டதும் கையிலிருந்ததைக் கீழே போட்டாள்.

"பாத்துட்டியா?" என்றாள்.

"பாத்தேன்."

நம்பு அப்படியே பாசிக்கு நடுவில் உட்கார்ந்தாள். "அந்தப் பொண்ணு வந்து சொல்லுச்சு, கெவருமெண்டு அத மூடிருவாங்க, யாரும் எறங்க முடியாதபடி காவல் போட்டுருவாங்கன்னு. எனக்கு அது போதும்னு இருந்துச்சு மயிலு. செவந்தியத் தின்னுச்சு. என்னைத் தின்னப் பாத்துச்சு. நம்ம பிள்ளைக அதுல எறங்கக் கூடாதுன்னு நெனச்சேன். நாஞ் சொன்னா எவ கேப்பா? சோத்துக்கு என்ன செய்யன்னு கேப்பாளுக. சாமி சத்தியமா குழாய் வரும்னு எனக்குத் தெரியாது."

"அது தெரியாது. சரி. வேப்பமரத்துக்கிட்ட என்னைய வச்சுக் கேட்டாளுகளே, அது தெரியும்ல?"

நம்பு சிதறிக் கிடந்த பாசியைக் கையால் கூட்டினாள்.

"உன்னையத் தூக்கத்தான் எறங்குனேன்னு ஒரு வார்த்தை. கையெழுத்தக்கூடச் சொல்ல வேணாம். அந்த ஒரு வார்த்தை."

"அதச் சொன்னா அடுத்ததக் கேப்பாளுக. ஒவ்வொண்ணா வெளிய வரும்." நம்பு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "எனக்குத் தாங்காது மயிலு. உனக்குத் தாங்கும். நீ எப்பவும் தாங்குவ. அதான் பேசாம இருந்துட்டேன்."

சின்ன வயதில் ஒரே நாளில் சேர்ந்து கடலில் இறங்கத் தொடங்கியவர்கள் இருவரும். பூமயில் திரும்பி நடந்தாள். அன்று வெள்ளிக்கிழமை, குழு கூடும் நாள். போய்ச் சொல்லிவிடலாம் என்று பாதி தூரம் போனாள். சொன்னால் நம்பு தின்கிற சோற்றை நிறுத்திவிடுவாள், அவளுக்கு அவ்வளவுதான் தெம்பு என்று தெரிந்தது. அது தெரிந்ததே பூமயிலுக்கு வெறுப்பாக இருந்தது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஐப்பசியில் குழாய் இறங்கியது. கார்த்திகையில் திறந்துவிட்டார்கள். அதற்கு முன்பே பதினோரு பேருக்கும் வனத்துறையின் அனுமதி அட்டை வந்துவிட்டது. பாசி எடுப்பதால் கடலுக்குக் கேடில்லை என்று வெண்பாவின் அறிக்கையை வைத்தே எழுதியிருந்தார்கள். அவள் சொன்னபடி அதைச் செய்து முடித்திருந்தாள். குழாயைச் சுற்றி மிதவை கட்டிக் காவல் போடுவார்கள் என்று நம்பு எதிர்பார்த்தாள். யாரும் வரவில்லை. எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், சத்தைப் பாசி தின்னட்டும் என்று பண்ணைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள்.

தை மாதம் பெண்கள் பயந்துகொண்டேதான் போனார்கள். போனவர்கள் வள்ளம் முங்க முங்கப் பாசியோடு திரும்பினார்கள். அவர்கள் வாழ்நாளில் அப்படி விளைந்ததில்லை. கைவைத்த இடமெல்லாம் கொத்துக் கொத்தாக வந்தது. மாசியில் ஜெபமாலை பூமயில் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"ஏதோ கோவத்துல பேசிட்டோம். நீ செஞ்சது நல்லதுக்குத்தான்னு இப்பல்ல தெரியுது. வா, வள்ளம் நிக்குது."

அவளுக்குப் பின்னால் நம்பு நின்றாள். "வா மயிலு" என்றாள். அவள் முகத்தில் நிம்மதி தெரிந்தது. மன்னிப்பு ஊரிலிருந்தே வந்துவிட்டதால் இனி யாரும் எதையும் சொல்ல வேண்டியதில்லை.

பூமயில் போனாள். அந்தத் தண்ணீரை அவளுக்குப் பார்க்க வேண்டியிருந்தது.

மூன்று வருடத்துக்குப் பிறகு ஊத்துப்பள்ளத்தில் எதையும் மறைக்காமல் இறங்கினாள். குளிர்ச்சி இல்லை. மேலே பாசி அடர்ந்து வெயிலை மறைத்திருந்தது. அதற்கடியில் கடல்புல் மஞ்சளாகிச் சாய்ந்து கிடந்தது. கையால் விலக்கினாள். குட்டி மீன் ஒன்றுகூடத் துள்ளி ஓடவில்லை. தரையைக் கிளறியபோது மண் கறுப்பாக, மை போலக் கிளம்பியது. ஒரு மடக்கை வாயில் வாங்கினாள். கெட்டுப்போன முட்டையின் வாடை நாக்கில் ஒட்டியது.

மேலே வந்து துப்பினாள். வள்ளத்தில் எல்லோரும் சிரித்த முகமாக இருந்தார்கள்.

"தண்ணி எப்பிடிடி?" என்று கேட்டபடி நம்பு அவளைத் தூக்கிவிடக் கை நீட்டினாள்.

பூமயில் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. விளிம்பைப் பற்றித் தானே ஏறினாள். "அடி மண்ணு செத்துக்கிட்டு வருது. இந்த விளைச்சலு இன்னும் ஆறு மாசம்" என்றாள். "அதுக்கப்பறம் இங்க ஒண்ணும் இருக்காது."

ஜெபமாலை மற்றவர்கள் பக்கம் திரும்பி, "மனசு இன்னும் ஆறல அவளுக்கு" என்றாள். மற்றவர்கள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொருத்தராகக் குதித்தார்கள்.

பூமயில் சொன்ன கணக்கு தவறிவிட்டது. ஆறு மாதம் இல்லை, மூன்றரை மாதம்தான். விளைச்சல் ஆசையில் பங்குனிக்குப் பிறகும் அங்கே போய்க்கொண்டிருந்தார்கள். ஆனி தொடக்கத்தில் ஒரு நாள் காலையில் வள்ளம் போனபோது, பாசி அழுகி நுரையாக மிதந்துகொண்டிருந்தது. நாற்றம் தாங்காமல் பெண்கள் வள்ளத்தைத் திருப்பினார்கள். பண்ணை தன் குழாயை இன்னொரு கிலோமீட்டர் தள்ளி நீட்ட மனு போட்டது.

நம்பு விரும்பியபடியே, அதற்குப் பிறகு ஊத்துப்பள்ளத்தில் யாரும் இறங்கவில்லை.